கடித மலையிலிருந்து ஒரு கடிதம்

“தாத்தா, நான் போட்ட கார்டு அந்த மாமா கைக்குப் போயிடுச்சா?”

ஏழு வயதுப் பேத்தி இப்படிக் கேட்டபோது சார்ட்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர் அவர். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் சார்ட்டர்தான். இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டாலும் பாதகமில்லை. அவரிடம் கேட்டது, சமையல்காரரிடம் சோறு வெந்ததா என்று கேட்டதுபோல் ஆயிற்று.

“போயிருக்கும் கண்ணு.”

“போயிருக்கும்னா? உங்களுக்குத் தெரியாதா?”

“விசாரிச்சுச் சொல்றேன்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க,” என்று சொல்லிவிட்டுக் குழந்தை விளையாடப் போய்விட்டது. சார்ட்டர் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கார்டு விஷயம் இதுதான். திபெத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். பிள்ளைகளைச் சாயங்காலம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்களுடைய தாய்மொழியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். வேறொன்றும் செய்யவில்லை. அதற்காக அவரைப் பிடித்துச் சிறையில் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. திபெத் மனித உரிமைகளுக்கான அகில உலக மக்கள் இயக்கத்தின் நகரக் கிளையினர், பேத்தியின் பள்ளிக்கு வந்து இந்தக் கதையைச் சொன்னார்கள். வாத்தியாரின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வாழ்த்து அட்டை எழுத வேண்டும் என்றார்கள். மற்ற பிள்ளைகள் கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதினார்கள். பேத்திக்கு அன்று காலைதான் முன்பல் விழுந்திருந்தது. அதைவிடப் பெரிய சேதி உலகத்தில் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டிருப்பது போல் வரைந்து, விழுந்த பல்லின் இடத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டாள். பக்கத்தில் ஒரு மாமாவின் முகத்தை வரைந்து, வாயைக் காலியாக விட்டு, அதற்குள் ஒரு கேள்விக்குறி போட்டாள். உங்களுக்கு எத்தனை பல் இருக்கிறது என்று அர்த்தம். எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ளக்கூடிய கடிதம் அது.

சார்ட்டர் இந்த இயக்கத்தில் சேர்ந்ததற்கு உலக அரசியல் காரணமில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தாள். அங்கே சலவைப் பிரிவில் ஒரு திபெத்துப் பெண் வேலை பார்த்தாள். காலையில் வார்டுக்கு வார்டு துணி கொண்டுவந்து அடுக்குவது அவள் வேலை. இஸ்திரி இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்த ஒரு தலையணை உறையை, தன் வெளிர்நீல வேலைக் கோட்டுக்குள் வைத்துச் சூடு ஆறாமல் கொண்டுவருவாள். தூங்குகிற நோயாளியின் தலையை எழுப்பாமல் தூக்கி, உறையை மாற்றிவிட்டு, நன்றி சொல்லக் காத்திராமல் போய்விடுவாள். நாற்பத்தொரு நாளும் இப்படி நடந்தது. ஒருநாள் சார்ட்டர் அவளை நடைக்கூடத்தில் பிடித்துவிட்டார்.

“ஏம்மா, இது உன் வேலைகூட இல்லையே?”

அவள் கற்றுக்கொண்ட பேச்சில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “என் அண்ணன் ஜெயில்ல இருக்கார், அண்ணே. நான் இங்க யாருக்காவது ஒண்ணு செஞ்சா, அங்க யாராவது அவருக்கு ஒண்ணு செய்வாங்க.”

அந்த அண்ணன்தான் வாத்தியார். மனைவி வீடு திரும்பிய வாரமே சார்ட்டர் இயக்கத்தின் அலுவலகத்தைத் தேடிப் போனார். பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்று அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அலுவலகம் ஒரு செருப்புக்கடையின் மேல் மூன்றாம் மாடியில் இருந்தது. இயக்கத்துக்குப் பதினொரு குழுக்கள், நாற்பத்துமூன்று பொறுப்பாளர்கள். இது அடிமட்ட மக்கள் இயக்கம் என்பதால், அடிமட்டத்திலிருந்து ஒருவராவது இல்லாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று அதன் விதிகளில் எழுதியிருந்தது. சார்ட்டர் படியேறி வந்த அன்று அவர்கள் ஏழு மாதமாக எந்த முடிவும் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சட்டையில் ‘அடிமட்டம்’ என்று அச்சிட்ட ஒரு அட்டையைக் குத்தினார்கள். மற்றவர்களுக்குச் சுழல் நாற்காலி. அவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

“உங்களுக்கு அதுதான் இயல்பா இருக்கும்,” என்று செயலாளர் அம்மா அன்போடு சொன்னார்.

அன்று முதல் கூட்டம் நடக்கும்போதெல்லாம் சார்ட்டர் அந்த நாற்காலியில் உட்காருவார். அவர் பேச வேண்டியதில்லை. இருந்தால் போதும்.

பேத்தி கேட்ட மறுநாள் அவர் முதன்முறையாகக் கையைத் தூக்கினார். தலைவர், தொழிலால் பல் மருத்துவர், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “அடிமட்டம் ஏதோ சொல்ல வருது,” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க ஐயா. போன வருஷம் பசங்க எழுதின கார்டெல்லாம் வாத்தியார் கைக்குப் போயிடுச்சான்னு என் பேத்தி கேட்டா.”

கார்டில் என்ன எழுதலாம் என்று முடிவு செய்யும் வாசகக் குழுவின் பொறுப்பாளர், விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒல்லியான மனிதர், பதில் சொன்னார்.

“வாசகம் இன்னும் ஒப்புதல் ஆகலை சார்ட்டர். ‘பிறந்தநாள் வாழ்த்து’ங்கிறதுல வாழ்த்து ஒரு பிரச்சினை. ஜெயில்ல இருக்கிறவரை வாழ்த்தினா, ஜெயிலை நாம ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பிறந்தநாளும் பிரச்சினைதான். தேதி அவங்க அரசாங்கப் பதிவேட்டுலேர்ந்து எடுத்தது. அவங்க பதிவேட்டை நாம அங்கீகரிக்கிறதா? பதினாலு மாசமா விவாதம் போயிட்டிருக்கு. நல்லபடியாப் போயிட்டிருக்கு.”

வாழ்த்தையும் பிறந்தநாளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது முகவரி மட்டுமே என்று சார்ட்டர் நினைத்தார். கடிதத்துக்கு அதுவே போதும் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

“அப்போ கார்டெல்லாம் எங்கம்மா இருக்கு?”

செயலாளர் அம்மா எழுந்து பின்னறைக் கதவைத் திறந்தார். அவர் முகத்தில் பெற்ற பிள்ளையைக் காட்டும் தாயின் பெருமை இருந்தது.

பின்னறையில் ஒரு மலை நின்றது. பதினோராயிரம் கடிதங்கள். வருடா வருடம் பிள்ளைகளும் பெரியவர்களும் எழுதியவை, ஒவ்வொன்றிலும் எண் முத்திரை குத்தி, பள்ளிக்கொரு கட்டாகக் கட்டு பிரியாமல், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேலாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட அனுப்பப்படவில்லை.

“அனுப்பிட்டா மலை எங்க இருக்கும்?” என்றார் செயலாளர் அம்மா. “வர்ற உலக மாநாட்டுல இதுதான் மேடையில நிக்கப்போகுது. கடிதம் எழுதறது போராட்டம். சேத்து வைக்கிறது வரலாறு. அனுப்பறது வெறும் தபால் வேலை. நீங்க தபால்காரர்ங்கிறதால உங்களுக்கு அதுவே பெருசாத் தெரியுது.”

“மூணு மீட்டர் தொண்ணூறு,” என்றார் தலைவர், மலையை அண்ணாந்து பார்த்து. அவர் குரலில் திடீரென்று துக்கம் வந்தது. “வடக்க ஒரு கிளை இருக்கு. அவங்க மலை நாலு மீட்டர் இருபது. நம்ம வாத்தியாருக்கு எவ்வளவு அவமானம்னு யோசிச்சுப் பாருங்க.”

அடுத்த கூட்டத்தில், ஏகமனதாக, குளிர்சாதனப் பெட்டி வந்த காலி அட்டைப்பெட்டிகளை மலைக்கு அடியில் வைக்க முடிவாயிற்று. அடிமட்டம் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் தீர்மானம் செல்லும்.

அன்று வீட்டுக்கு வந்து சார்ட்டர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

“ஒண்ணுகூட அனுப்பலையா?”

“ஒண்ணுகூட.”

“சரி, முப்பத்தாறு வருஷம் என்னத்தப் பாத்தீங்க?” என்றாள் அவள். “ஒண்ணே ஒண்ணாவது உங்க கையால போகட்டுமே. ஊருக்கே பிரிச்சுக் குடுத்தீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு பிரிக்க மாட்டீங்களா?”

பெட்டிகளை அடியில் செருகும் வேலையை இயல்பாகவே அவரிடம்தான் ஒப்படைத்தார்கள். மதிய நேரம், மற்றவர்கள் முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பதினோராயிரத்தில் ஒன்றை யாராலும் தேட முடியாது. ஆனால் சார்ட்டர் கடிதங்களைப் படிப்பவர் இல்லை, பார்ப்பவர். பள்ளிக்கட்டுகளின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். முக்கால் மணி நேரத்தில் கையை உள்ளே விட்டு உருவினார். எண் 7431. வாயைத் திறந்த பெண்ணும், காலி வாய் மாமாவும். மலை லேசாக அசைந்து, மறுபடி நின்றது.

வாத்தியாரின் பெயரோடு சிறையின் முகவரி அந்த நாட்டு எழுத்துகளில் இயக்கத்தின் பழைய சுவரொட்டிகளில் அச்சாகியிருந்தது. ஐந்து வருடமாக அதன்மேல் ‘கண்டிக்கிறோம்’ என்று எழுதி ஊரெங்கும் ஒட்டினார்களே தவிர, ஓர் உறைமேல் ஒட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சார்ட்டர் ஒன்றைக் கத்தரித்து ஒட்டினார்.

தபால் நிலையத்தில் அவர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண்தான் கவுண்டரில் இருந்தாள்.

“சார், நீங்களா! இது எங்க போகுது? ஐயையோ, இது போகுமா?”

“முகவரி இருந்தாப் போகும்மா.”

“திரும்பி வந்துட்டா?”

“போய்த் திரும்பின மாதிரியாவது இருக்கும்ல. ரிஜிஸ்டர் பண்ணு. ஒப்புகை அட்டையும் வை. ‘பெறுநர் கையெழுத்து மட்டுமே’ங்கிற கட்டத்துல டிக் போடு.”

“அங்க போய் இந்த ரூலெல்லாம் யார் சார் பாக்கப்போறா?”

“ரூலைப் பாக்காம தூக்கம் வராத ஒரு கிறுக்கன் எல்லாத் தபாலாபீஸ்லயும் ஒருத்தன் இருப்பான்மா,” என்றார் சார்ட்டர். “இங்க நான் இருந்தேன். அங்கயும் ஆண்டவன் ஒருத்தனை வெச்சிருப்பான்.”

அவள் சிரித்துக்கொண்டே இளஞ்சிவப்பு ஒப்புகை அட்டையை உறையின் முதுகில் ஒட்டினாள்.

பிறகு நான்கு மாதம் எந்தச் சேதியும் வரவில்லை.

அந்த நான்கு மாதத்தில் இயக்கம் மாநாட்டுக்குத் தயாரானது. வாத்தியாரின் தங்கைக்கு வாரத்தில் மூன்று நாள் ஒத்திகை. அவள் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லை. ‘சாட்சி (எட்டு நிமிடம்)’ என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலையை முடித்துவிட்டு, வெளிர்நீலக் கோட்டோடு நேராக வருவாள். எந்த வார்த்தைக்குப் பிறகு மௌனமாக இருக்க வேண்டும், எத்தனை நொடி இருக்க வேண்டும் என்று வாசகக் குழுக்காரர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். ஒருநாள் அவள் ஏதோ நினைப்பில் சிரித்துவிட்டாள். அதைப் படம் எடுத்தவரிடமிருந்து படத்தை வாங்கி அழித்தார்கள்.

“சிரிச்சா ஆதரவு குறையும்மா,” என்றார் செயலாளர் அம்மா.

ஒத்திகை முடிந்து அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சார்ட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அழ முடியுமான்னு கேட்டாங்க, அண்ணே. காலையில நாலு மணிக்கு வேலைக்குப் போனேன், களைப்பா இருக்கு, அழ வரலைன்னு சொன்னேன்.” கோட்டின் ஓரத்தை நீவிவிட்டாள். “நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அண்ணன் உயிரோட இருக்காரான்னு. நாலு வருஷமா ஒரு சேதியும் இல்ல. எங்க ஊர்க்காரங்க யாருக்கும் தெரியல.”

“என்ன சொன்னாங்க?”

“அது சரிபார்ப்புக் குழு சொல்லணுமாம்.”

சார்ட்டர் சரிபார்ப்புக் குழுவின் கோப்பைப் பார்த்திருக்கிறார். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் இல்லை. இறந்துவிட்டார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எனவே ‘தற்போதைய நிலை’ என்ற கட்டத்தில் ‘பிரசாரத்தில் உள்ளார்’ என்று எழுதியிருந்தார்கள். அதை எப்படி அவளிடம் சொல்வது என்று தெரியாமல், “சொல்லுவாங்கம்மா,” என்றார். சொன்ன பிறகு தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. பேத்திக்குச் சொன்ன அதே பதில்.

மாநாட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தபால்காரர் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார். இளஞ்சிவப்பு அட்டை திரும்பி வந்திருந்தது.

மேலே மூன்று வெவ்வேறு முத்திரைகள். ஒவ்வொன்றும் நேராக, மை பரவாமல், கட்டத்துக்குள் குத்தப்பட்டிருந்தது. எவனோ ஒரு கிறுக்கன் அங்கே இருக்கிறான் என்று சார்ட்டருக்கு முத்திரையைப் பார்த்ததும் தெரிந்தது. பெறுநர் கையெழுத்து என்ற இடத்தில் அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. கை நடுங்கியிருந்தது, ஆனால் வரி கோணவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை. அதே மையில், அட்டையின் மூலையில், நகத்தளவுக்கு ஒரு வாய் வரைந்திருந்தது. வாய்க்குள் வளைந்த இரண்டு குறிகள்.

சார்ட்டர் அந்த இரண்டு குறிகளை மனதில் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே சுவரில் இயக்கம் வெளியிட்ட நாட்காட்டி தொங்கியது. தேதிகள் நம் எண்களிலும் திபெத்து எண்களிலும் போட்டிருந்தன. இரண்டு மாதமாக யாரும் தாளைக் கிழிக்கவில்லை. கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். இருபத்தொன்றாம் தேதிக் கட்டத்தில் அதே இரண்டு குறிகள், அதே வரிசையில் இருந்தன.

முப்பத்திரண்டில் இருபத்தொன்றைக் கழிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

பேத்தியிடம் மட்டும் சொன்னார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

“உன் கார்டு போயிடுச்சு கண்ணு. பதிலும் வந்திருக்கு. அவருக்கு இருபத்தொரு பல் இருக்காம்.”

பேத்தி கண்ணாடி முன் போய் வாயைத் திறந்து விரலால் எண்ணினாள். “எனக்கு இருபத்திரண்டு. அவரைவிட ஒண்ணு ஜாஸ்தி.” பிறகு திரும்பினாள். “தாத்தா, எனக்கு மாதிரி அவருக்கும் திரும்ப முளைக்குமா?”

சார்ட்டர் அவள் தலையைத் தடவினார். அந்தக் கேள்வியை விசாரித்துச் சொல்வதாக அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். இயக்கம் எப்படி இருந்தாலும் நல்ல சேதியைக் கண்டால் மனிதர்கள் மனிதர்களாக ஆகிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அறுபத்தைந்து வருடம் வாழ்ந்த பிறகும் அந்த நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே விசாரணைக் குழு கூடியிருந்தது. மாநாட்டுக்காகக் கடிதங்களை எண்ணியதில் ஒன்று குறைந்திருந்தது.

“எண் 7431,” என்று செயலாளர் அம்மா பதிவேட்டைப் பார்த்துப் படித்தார். “பொருள்: பல்.”

“பல்லா?” என்றார் தலைவர்.

“ஒரு குழந்தை, உங்களுக்கு எத்தனை பல் இருக்குன்னு கேட்டு வரைஞ்சிருக்கு. வாசகக் குழு அப்பவே சிவப்பு மையில சுழிச்சிருக்கு.”

தலைவர் மேசையைத் தட்டினார். “ஒரு கைதிகிட்டப் போய்ப் பல்லைப் பத்திக் கேக்கிறதா? உலக அளவுல இதோட விளைவு என்னன்னு யாராவது யோசிச்சீங்களா? முப்பது வருஷமா நான் பல் டாக்டர். ஒன்பது வருஷமா அவருக்காகப் போராடிக்கிட்டிருக்கேன். நானே இன்னிக்கு வரைக்கும் அவர் பல்லைப் பத்தி ஒரு நிமிஷம்கூட நினைச்சதில்லையே!”

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்கள். நடவடிக்கைக் குறிப்பில் தலைவரின் வாக்குமூலம் பாராட்டுடன் பதிவாயிற்று.

“கடைசியா பின்னறையில இருந்தது அடிமட்டம்தான்,” என்றார் வாசகக் குழுக்காரர்.

சார்ட்டரின் கை சட்டைப்பைக்குப் போனது. அதை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தைத் தந்தவன் ஆண்டவன்தான் என்று பின்னாளில் அவர் நினைப்பதுண்டு.

“ஐயா, ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். வாத்தியார்கிட்டேர்ந்து ஒரு வரி பதில் வந்தா என்ன பண்ணுவோம்?”

தலைவரின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. “அவர் கையெழுத்தா? நாற்பதடிக்குப் பெருசு பண்ணி மாநாட்டுக் கட்டிடம் முழுக்கத் தொங்கவிடுவோம்! அவங்க தூதரகத்து ஜன்னல்லேர்ந்து தெரியணும்.”

“பதில் எழுத விட்டது யாருன்னு அங்க தேடுவாங்களே? அவரையும் சும்மா விடுவாங்களா? ஆபத்தில்லையா?”

“ஆபத்துதான்,” என்றார் தலைவர் மனநிறைவோடு. “ஆபத்து இல்லாம ஒரு பிரசாரம் உண்டா?”

“அப்படி ஏதாவது ஆயிட்டாலும் நாம தயாராத்தான் இருக்கோம்,” என்று செயலாளர் அம்மா ஆறுதலாகச் சொன்னார். “பிறந்தநாள் வாசகம்தான் இழுத்துக்கிட்டு இருக்கு. இரங்கல் வாசகம் போன வருஷமே ஏகமனதா ஒப்புதல் ஆயிடுச்சு. ரொம்ப நல்லா வந்திருக்கு.”

சார்ட்டர் கையைப் பையிலிருந்து எடுத்தார். காலியாகவே எடுத்தார்.

“பெட்டி செருகும்போது மலை ஆடிச்சுங்க,” என்றார். “அப்போ எங்கயாவது விழுந்திருக்கும்.”

அன்று மாலைப் பிரார்த்தனையில் இந்தப் பொய்க்காக மன்னிப்புக் கேட்டார். கேட்ட பிறகும் மனம் கொஞ்சமும் உறுத்தவில்லை. உறுத்தாததற்காக இன்னொருமுறை கேட்டுக்கொண்டார்.

அவரைத் தண்டிக்க வேண்டும் என்று விசாரணைக் குழு தீர்மானித்தது. பதவியிறக்கம் செய்யப் பார்த்தால் அடிமட்டத்துக்குக் கீழே பதவி ஏதும் விதிகளில் இல்லை. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு வேறு வழியில்லாமல் அவரை மூத்த ஆலோசகராக உயர்த்தினார்கள். மூத்த ஆலோசகர் கூட்டங்களுக்கு வரக்கூடாது. ‘அடிமட்டம்’ அட்டையைத் திரும்ப வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகிலேயே குத்திவிட்டார்கள். பார்க்கப்போனால் இது இன்னும் வசதி என்று எல்லோருக்கும் பட்டது. நாற்காலி கேள்வி கேட்காது.

அட்டையை வாத்தியாரின் தங்கையிடம் கொடுத்துவிட சார்ட்டர் அலைந்தார். முடியவில்லை. மாநாட்டு வாரம் முழுவதும் ‘சாட்சிப் பொறுப்பாளர்’ என்று ஒருவர் அவளை நிழல்போல் தொடர்ந்தார். பின்னால் இரண்டு படக்கருவிக்காரர்கள். அவள் சலவை செய்வதைப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று, அடுக்கிவைத்த துணிகளைக் கலைத்து மறுபடி அடுக்கச் சொல்லியும் எடுத்தார்கள். சார்ட்டர் ஆஸ்பத்திரி வாசல் வரை போய் மூன்றுமுறை திரும்பி வந்தார். நாலாவது முறை அவள் அவரைப் பார்த்துக் கையசைத்தாள். உடனே படக்கருவி அவர் பக்கம் திரும்பியது. கடிகாரம் பார்க்கிறவரைப்போல் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே அவர் நடையைக் கட்டினார். கையில் கடிகாரம் இல்லை.

மாநாட்டு நாள் வந்தது. பதினேழு நாட்டுப் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு மேடையில் திரை விலகியபோது மலையைப் பார்த்து அரங்கம் எழுந்து நின்றது. அட்டைப்பெட்டிகளின் உபயத்தால் நாலு மீட்டர் முப்பத்தைந்து. வடக்குக் கிளையின் பிரதிநிதிகள் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலியாக, அடிமட்ட மக்களின் பிரதிநிதியாக வீற்றிருந்தது. எல்லாத் தீர்மானங்களும் செல்லும்.

“நண்பர்களே!” என்று தலைவர் தொடங்கினார். “இந்த மலையிலிருந்து ஒரு கடிதம்கூடக் குறைய விடமாட்டோம் என்று இன்று உறுதியேற்போம்!”

கைதட்டல் வெளியே நடைக்கூடம் வரை கேட்டது.

சார்ட்டர் அங்கேதான் நின்றிருந்தார். மூத்த ஆலோசகருக்கு அரங்கத்துக்குள் அனுமதி இல்லை. மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் அறை ஒன்று இருந்தது. வேலையிலிருந்து நேராக வந்த தங்கையை அங்கேதான் கூட்டிப்போய், வாடகைக்கு எடுத்த ஒரு பட்டு அங்கியை மாட்டி, மேடைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கி அவளுக்கு இரண்டு அளவு பெரிசு. அவளுடைய வேலைக் கோட்டு மேடைக்கு உதவாது என்று செயலாளர் அம்மா கழற்றச் சொல்லிவிட்டார். பொறுப்பாளரும் படக்கருவிக்காரர்களும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

அறையில் யாரும் இல்லை. ஆணியில் வெளிர்நீலக் கோட்டு தொங்கியது. சோப்பும் சூடான துணியும் கலந்த அந்த வாசனை சார்ட்டருக்குத் தெரியும். நாற்பத்தொரு நாள் அவர் மனைவியின் தலைமாட்டில் இருந்த வாசனை.

ஒலிபெருக்கியில் தங்கையின் குரல் வந்தது. “என் அண்ணன் ஒரு வாத்தியார்.” பிறகு சொல்லிக்கொடுத்த மௌனம், நாலு நொடி.

சார்ட்டர் சட்டைப்பையிலிருந்து இளஞ்சிவப்பு அட்டையை எடுத்தார். கூடவே பேத்தி மறுபடி வரைந்து கொடுத்த படம் ஒன்றும் இருந்தது. வாயைத் திறந்த பெண், காலி வாய் மாமா, கேள்விக்குறி. கேள்வி இல்லாவிட்டால் பதில் புரியாது. இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து, கோட்டின் உள்பையில் வைத்தார். தலையணை உறையைச் சூடு ஆறாமல் அவள் கொண்டுவந்தது அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். தன் பெயரை எழுதலாமா என்று ஒரு நொடி யோசித்தார். அவள் என்றைக்கும் பெயர் சொன்னதில்லை.

பையின் மூடியில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அதைப் போட்டார். முப்பத்தாறு வருடப் பழக்கத்தில், தபால் பையின் வாயைக் கட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பதுபோல் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது.

தூங்குகிறவர்களை எழுப்பாதவர்போல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அவள் வருவதற்குள் படியிறங்கிப் போனார்.